விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆண்டுதோறும் விளையாட்டு விழா மேடையில் இதைக் கேட்கிறோம். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நூறு மீட்டர் ஓட்டத்தில் மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டு வந்து சேர்ந்ததும், "இவள் நாளைய பி.டி. உஷா" என்று ஒலிபெருக்கி முழங்குகிறது. நாமும் கை தட்டுகிறோம். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அச்சிறுமி எங்கே போனாள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியவர் எங்கள் பள்ளியின் மூத்த மாணவி ஒருவர். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் 'அக்கா' என்றே குறிப்பிடுகிறோம். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் நூறு மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் அவரை வெல்ல மாவட்டத்தில் ஆளில்லை. எட்டாம் வகுப்பில் வெளியூர் விளையாட்டு விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. சிப்காட் ஆலையில் இரவு ஷிப்டு முடித்து வந்த தந்தை, கண்ணுறங்காமல் அவரை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு, அன்றிரவே மீண்டும் வேலைக்குப் போனாராம். இரண்டாண்டுகள் சென்றபின் அக்கா அதே தகரப் பெட்டியுடன் திரும்பி வந்தார். சோம்பல் என்றனர் சிலர். தலைக்கனம் என்றனர் வேறு சிலர். இவ்விரண்டையும் விட்டால் உலகில் வேறு காரணமே இல்லையா என்று நாங்கள் தேடப் புகுந்தோம்.

இத்தகைய கதை ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. நம் ஓசூருக்கு ஒரு பக்கம் சென்னைச் சாலை. மறுபக்கம் பெங்களூர்ச் சாலை. இவ்விரு நகரங்களும் ஒரே காலத்தில் இந்தியக் கிரிக்கெட்டுக்கு ஆளுக்கொரு இளைஞரைத் தந்தன. சென்னை தந்தவர் லட்சுமண் சிவராமகிருஷ்ணன். பன்னிரண்டு வயதில் பள்ளிகளுக்கிடையேயான பந்தயம் ஒன்றில் 2 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்திய சிறுவர் அவர். 1981-82இல் தமது முதல் ரஞ்சிப் பந்தயத்தில் தில்லி அணியை 28 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் என்று சாய்த்தார். 1983இல், 17 வயதில், டெஸ்ட் ஆடினார். 1984 இறுதியில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே பந்தயத்தில் 12 விக்கெட்டுகள்! அந்தத் தொடரில் மட்டும் 23. பெங்களூர் தந்தவர் விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத். 1985 மார்ச்சில் மெல்போர்ன் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானின் ஜாவேத் மியாண்டட் இவர்கள் இருவரின் கூட்டு முயற்சியால்தான் ஸ்டம்பிங் ஆனார். இனிப் பத்தாண்டுகளுக்கு இந்த இணைதான் என்று நாடே எண்ணியது.

நடந்தது வேறு. சிவராமகிருஷ்ணனின் கடைசி டெஸ்ட் 1986 தொடக்கத்தில் வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 20! மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். அவற்றுள் 23 அந்த ஒரே தொடரில் எடுத்தவை என்பதைக் கணக்கிட்டால் மீதி எவ்வளவு என்பது விளங்கும். விஸ்வநாத் ஆடியவை 3 டெஸ்டுகள்தாம். இளமையிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தவர் அவர். விரல் காயமும் தொல்லை தந்தது. சிவராமகிருஷ்ணனோ, தம் நிறத்தைச் சொல்லிச் சொந்த நாட்டிலேயே பலர் இழிவுபடுத்தியதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார். ஒரு பதினேழு வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் நடுவில் கொண்டுபோய் விடும்போது அவன் பந்து எப்படிச் சுழல்கிறது என்று பார்ப்பவர் நூறு பேர். அவன் உணவறையில் யார் பக்கத்தில் அமர்கிறான் என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

இனி நம்மைப் போன்ற சிறுமியரிடம் வருவோம். இங்கே முதற்காரணம் உடலிலேயே இருக்கிறது. பெண்கள் சராசரியாக 12 வயதை ஒட்டி மிக வேகமாக உயர்கின்றனர். ஆண்கள் 14 வயதை ஒட்டி. ஆனால் எல்லாரும் சராசரியின்படியே வளர்வதில்லை. ஒருத்திக்கு இந்த வளர்ச்சி 10 வயதில் வந்துவிடும். இன்னொருத்திக்கு 14 வரை காத்திருக்கும். ஒரே பெஞ்சில் அமர்ந்த இரு மாணவியரின் எலும்பு முதிர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு வேறுபாடு இருப்பது அபூர்வமன்று. இவ்விருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதினால் யார் வெல்வார் என்று சொல்ல வேண்டுமா? வென்றவளிடம் திறமை இல்லை என்பதன்று எங்கள் வாதம். அவள் காட்டியதில் எவ்வளவு திறமை, எவ்வளவு முந்திய வளர்ச்சி என்று நிறுத்துக் காட்டும் கருவி கடிகாரத்தில் இல்லை. மூன்றாண்டு கழித்து மற்றவள் உயர்ந்து வந்து சேர்ந்துகொள்கிறாள். முந்தி வளர்ந்தவளுக்கோ இடைப்பட்ட காலத்தில் எடை கூடுகிறது, இடுப்பு அகல்கிறது. புதிய எடைக்கேற்ற வலு சேரும்வரை ஓட்ட நேரம் குறையாமல் நிற்கும், கூடவும் செய்யும். இதைத்தான் "பயிற்சியில் அக்கறை இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

அக்காவுக்கு நேர்ந்ததும் இதுவே. "பதினோரு வயதிலே நான் எவ்வளவு உயரமோ, இன்றைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறந்த மாதமும் ஒரு காரணம் என்றால் நம்புவீர்களா? வயதுப் பிரிவுக்கு ஜனவரி முதல் நாள் வரையறை எனக் கொள்வோம். ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவில் ஓடுவர். பன்னிரண்டு வயதில் பதினொரு மாத இடைவெளி சிறியதன்று. கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியல் அறிஞர் பனிக்கட்டி மீது ஆடும் ஹாக்கியின் இளையோர் அணிப் பட்டியல்களை ஆராய்ந்து 1985இல் இதனை வெளியிட்டார். அந்தத் தலைசிறந்த இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிகப் பலர். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிகச் சிலர். சிறுவயதில் சற்றுப் பெரியவனாக இருந்தவன் தேர்வானான். தேர்வானதால் நல்ல பயிற்சி பெற்றான். பயிற்சி பெற்றதால் உண்மையிலேயே சிறந்தவனானான். விடப்பட்டவன் ஆட்டத்தையே விட்டான். சோதிடர்கூட இப்படிப் பிறந்த மாதத்தை வைத்துத் தலையெழுத்தைச் சொல்லியிருக்க மாட்டார்!

தேர்வு செய்வதற்கென்றே பெரும்பணம் செலவிடும் நாட்டிலாவது இச்சிக்கல் தீர்ந்ததா? அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களின் கால்பந்து மிகப் பெரிய தொழில். இது நம் கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் ஆட்டம். பள்ளி மாணவர்களை ஊர் ஊராகப் பார்த்து, ஓட்டத்தையும் உயரத்தையும் அளந்து, ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடுகிறார்கள். இம்மதிப்பீடு வீண் அன்று. ஐந்து நட்சத்திரம் பெற்றவர் தொழில்முறை அணியை எட்டும் வாய்ப்பு மற்றவரைவிடப் பன்மடங்கு அதிகம். எனினும் அவர்களிலும் கணிசமானோர் எட்டுவதில்லை. ஐந்து நட்சத்திரத்தார் ஆண்டுக்குச் சில பத்துப் பேர். மூன்று நட்சத்திரத்தாரோ ஆயிரத்துக்கு மேல். ஆகவே தொழில்முறை ஆட்டக்காரர்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலோர் குறைந்த நட்சத்திரம் பெற்றவர்களே. 2000ஆம் ஆண்டுத் தேர்வில் 198 பேர் எடுக்கப்பட்ட பின்னரே டாம் பிரேடி என்பவரை ஓர் அணி எடுத்தது. அவர் ஏழு முறை சாம்பியன் அணியில் இருந்தார்.

இன்னொன்றும் உண்டு. மிக அருமையான ஒரு நாளில் நம் கண்ணில் படுபவரையே நாம் மேதை என்கிறோம். 1988 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தமது முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் வீழ்த்தினார். அதன்பின் அவர் வாழ்நாளில் ஆடிய 16 டெஸ்டுகளிலும் சேர்த்து எடுத்தவை 50. அவர் வீழ்ந்துவிட்டார் என்றது ஊர். பதினாறு என்பது யாருக்கும் தினமும் கிடைக்கும் எண்ணா? திறமையும் தற்செயலும் ஒருங்கே சேர்ந்த நாளை அளவுகோலாக்கினால் அடுத்த நாள் எவருக்கும் குறைவாகத்தான் தெரியும். ஆட்டக்காரர் தம் இயல்பான நிலைக்குத் திரும்பியிருப்பார். நாம் அதை வீழ்ச்சி என்போம்.

தேர்வு பற்றி இவ்வளவு. தேர்வுக்குப் பிறகு நடப்பதே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

விடுதிக்குப் போன முதல் வாரமே நேர ஓட்டம் வைத்தார்களாம். "அங்கே இருந்த அத்தனை பேரும் அவரவர் ஊரிலே முதலாவது. நான் எட்டாவதாக வந்தேன். அதற்கு முன் எட்டாவதாக வந்தால் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. ஊரில் எப்போதும் வென்றதால் தோற்றுப் பழகவில்லை. இயல்பான வேகம் போதுமாக இருந்ததால் தொடக்க நிலையில் குனிவதைக்கூடச் சரியாகக் கற்கவில்லை. அடுத்து முழங்கால். வளரும் வயதில் ஓடித் தாண்டும் பிள்ளைகளுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வருவது மிகச் சாதாரணம். பயிற்சியைச் சில காலம் குறைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் வலி என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, எட்டு மாதம் அக்கா வாயைத் திறக்கவில்லை. கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்து போவதும் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என மருத்துவர்கள் கூறுவர்.

இரத்தச்சோகையையும் மறக்கலாகாது. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச்சோகை. பதினோரு வயதில் மான்போல் ஓடியவள் பதினைந்தில் இரண்டாம் சுற்றிலேயே மூச்சு வாங்கினால், அவள் மனவுறுதியைச் சந்தேகிக்குமுன் அவள் இரத்தத்தைச் சோதிப்பது முறையன்றோ? மாதவிடாயைப் பற்றி ஆண் பயிற்றுநரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தவர்களும் நம்மிடையே உண்டு. இப்பத்திரிகையில் இதை அச்சிடலாமா என்று எங்களுக்குள் சிறு விவாதமே நடந்தது. அச்சிடலாம் என்று சிஸ்டரே சொல்லிவிட்டார்கள்.

அப்படியாயின் பி.டி. உஷா மட்டும் எப்படி நிலைத்தார்? 1976இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது. அங்கே சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு ஓ.எம். நம்பியார் பயிற்றுநரானார். அவர் பத்தாண்டுகளுக்கு மேல் மாறவேயில்லை. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா நூற்றில் ஒரு வினாடியில் பதக்கத்தை இழந்தபோதும் அவரே உடனிருந்தார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம் வென்றபோதும் அவரே. உஷாவின் முளையும் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் வயலை விட்டு ஒருவர் நகராமல் இருந்தார். எங்கள் பகுதியில் இது அரிது. தந்தைக்கு ஆலை மாறும்; வீடு மாறும்; தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசும் பிள்ளைகள் ஆண்டுதோறும் வருவதும் போவதுமாக இருப்பர். சிலர் விடுமுறையில் எல்லை தாண்டிப் பெங்களூரில் பயிற்சி பெறுகின்றனர், போட்டியோ கிருஷ்ணகிரியில். மூன்றாண்டு ஒருவரிடமே பயின்ற மாணவியரை எங்கள் வகுப்பில் எண்ணினோம். இருவர்தாம்.

கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருக்கும் தோழியின் தாத்தாவிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். ஒட்டு மாங்கன்று நட்ட அடுத்த ஆண்டே பூத்துவிடுமாம். அதைப் பார்த்து மகிழ்ந்து காய்க்க விட்டால் கன்று வளராமல் குன்றிப் போகும். ஆகவே முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பூவைக் கிள்ளி எறிந்துவிடுவார்களாம். "பூவைப் பார்த்தா ஆசையாத்தான் இருக்கும் பாப்பா, என்ன செய்யறது" என்றார் தாத்தா. முளையைப் பற்றிப் பழமொழி சொல்பவர்கள் இதை ஏனோ சொல்வதில்லை.

அக்கா இப்போது மேல்நிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறார். நூறு மீட்டரை விட்டுவிட்டு எண்ணூறு மீட்டர் ஓடுகிறார். இவ்வாண்டு மாவட்டத்தில் மூன்றாமிடம். எங்கள் உடற்கல்வி ஆசிரியையிடம் கேட்டு அவரே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியிருக்கிறார். அதில் இவ்வாண்டு விளையாட்டு விழாவில் ஓடிய ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவியர் அனைவரின் நேரமும், உயரமும், பிறந்த மாதமும் உள்ளன. கடைசியாக வந்தவள் பெயரும் உண்டு. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே பெயர்களுக்கு எதிரே மீண்டும் எழுதுவதாகத் திட்டம். அக்கா பள்ளியை விட்டுப் போனபின் நோட்டை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஏழாம் வகுப்பு நூறு மீட்டரில் முதலாவதாக வந்தவளுக்கு அதில் ஜனவரி என்று இருக்கிறது. அவளைவிட ஒரு சாண் குள்ளமாக நின்று நான்காவதாக வந்தவளுக்கு டிசம்பர்.