வேண்டுதலைச் சோதித்த விஞ்ஞானம்

கடவுள் இருக்கிறார் என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாக ஒரு தரப்பும், இல்லை என்று நிரூபித்துவிட்டதாக மறு தரப்பும் அடித்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இரண்டும் தவறு என்பது என் முடிவு. அதற்காக, கடவுள் வேறு, அறிவியல் வேறு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்று சொல்லி நழுவிவிடுவதும் சரியல்ல. கடவுள் இந்த உலகில் இன்னது செய்கிறார் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த 'இன்னது' நடக்கிறதா என்று பார்க்க அறிவியலுக்கு வழி உண்டு. அப்படிப் பார்த்தும் இருக்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவரும் அந்தச் சோதனைகளைப் பொறுமையாகப் படித்தால், இந்தக் கேள்வியில் அறிவியலின் எல்லை எங்கே என்பது தெரிந்துவிடும்.

1872-ல் லண்டனில் 'கன்டெம்பரரி ரிவ்யூ' இதழில் ஒரு யோசனை வெளியானது. எழுதியவர் பெயர் இல்லை. அனுப்பிவைத்தவர் புகழ்பெற்ற இயற்பியலாளர் ஜான் டிண்டல். எழுதியவர் ஹென்றி தாம்சன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் என்று பின்னாளில் கருதப்பட்டது. யோசனை இதுதான்: ஒரு மருத்துவமனை வார்டைத் தேர்ந்தெடுப்போம், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு நாட்டின் பக்தர்கள் எல்லாரும் அந்த வார்டு நோயாளிகளுக்காகச் சிறப்பாக வேண்டிக்கொள்ளட்டும், பிறகு அங்கே நேர்ந்த இறப்பு விகிதத்தை, அதேபோன்ற மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தே கொந்தளித்தது. சோதனை நடக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன், ஏற்கெனவே ஒரு சோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று எழுதினார். இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டில் மன்னரின் நீண்ட ஆயுளுக்காக நாடே வேண்டுகிறது. அப்படியானால் அரச குடும்பத்தினர் மற்றவர்களைவிட அதிக காலம் வாழ வேண்டுமல்லவா? 1758-க்கும் 1843-க்கும் இடைப்பட்ட ஆயுள் கணக்கை எடுத்துப் பார்த்தார். முப்பது வயதைக் கடந்த ஆண்களில் அரச வம்சத்தாரின் சராசரி ஆயுள் 64; பாதிரியார்களுக்கு 69; நிலவுடைமைக் கனவான்களுக்கு 70. வசதியான வகுப்பினரில் குறைந்த ஆயுள் அரசர்களுக்கே. கால்டனின் கணக்கில் ஓட்டைகள் உண்டு. அரண்மனை வாழ்க்கைக்கென்று தனி ஆபத்துகள் இருக்கலாம். வேண்டுதல் இல்லாவிட்டால் அவர்கள் இன்னும் சீக்கிரம் இறந்திருப்பார்கள் என்றும் வாதிடலாம். அந்த ஓட்டைகளை அடைக்க ஒரே வழி, யாருக்கு வேண்டுதல், யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது.

அதைச் செய்யப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 393 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் வெளியாட்களை வேண்டச் செய்தார் மருத்துவர் ராண்டால்ஃப் பேர்ட். 1988-ல் முடிவு வெளிவந்தது. வேண்டப்பட்டவர்களுக்குச் சில சிக்கல்கள் குறைவாக இருந்தன. இதை இன்றைக்கும் 'நிரூபணம்' என்று காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் பேர்ட் அளந்தது இருபதுக்கும் மேற்பட்ட பலன்களை. வித்தியாசம் தெரிந்தது ஆறில். இறப்பில் வித்தியாசம் இல்லை. மருத்துவமனையில் தங்கிய நாட்களிலும் இல்லை. தற்செயல் மட்டுமே வேலை செய்தால் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் குறைவு என்றால் அதை ஏற்கலாம் என்பது மருத்துவ ஆய்வுகளின் வழக்கம். இருபது விஷயங்களை அளந்தால், எந்தக் காரணமும் இல்லாமலே சராசரியாக ஒன்று 'பலித்ததாக'க் காட்டும். அதோடு இந்தப் பலன்கள் தனித்தனியானவையும் அல்ல. ஒரு சிக்கல் குறைந்தால் அதோடு தொடர்புடைய இன்னொன்றும் குறையும். 1999-ல் கன்சாஸ் சிட்டியில் 990 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் வேண்டப்பட்டவர்களுக்குச் சுமார் 11 சதவீதம் நல்ல மதிப்பெண் கிடைத்தது. அந்த மதிப்பெண் முறையை உருவாக்கியவர்கள் அதே ஆய்வாளர்கள்தான். பேர்ட் பயன்படுத்திய அளவுகோலை வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை.

இந்த ஆபத்தைப் புரியவைக்க இஸ்ரேலின் ராபின் மருத்துவ மையத்தைச் சேர்ந்த லியோனார்ட் லெய்போவிசி செய்த ஆய்வைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1990 முதல் 1996 வரை ரத்தத்தில் தொற்று ஏற்பட்டு அங்கே சேர்ந்த 3,393 பேரின் பழைய ஏடுகளை அவர் எடுத்துக்கொண்டார். 2000-ல் சீட்டுக் குலுக்கி அவர்களில் ஒரு பாதியினருக்காக வேண்டச் செய்தார். அதாவது நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயோ, இறந்தோ நான்கு முதல் பத்து ஆண்டுகள் கழித்து வேண்டுதல்! ஏடுகளைப் பிரித்துப் பார்த்தால், வேண்டப்பட்டவர்கள் மருத்துவமனையில் தங்கிய காலமும் காய்ச்சல் நீடித்த காலமும் குறைவு என்று கணக்கு வந்தது. 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. நடந்து முடிந்ததைப் பின்னால் வரும் வேண்டுதல் மாற்றியது என்று நம்புவதா, சீட்டுக் குலுக்கலும் புள்ளியியலும் சில நேரம் இப்படி ஏமாற்றும் என்று ஒப்புக்கொள்வதா? காரணமே இருக்க முடியாத இடத்திலும் கணக்கு மட்டும் பொருந்தி வரலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எனவே பெரிய ஆய்வு ஒன்று தேவைப்பட்டது. அது 2006-ல் வந்தது. நடத்தியவர் ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன். நம்பிக்கைக்கும் மன அமைதிக்கும் உடலைத் தேற்றும் ஆற்றல் உண்டு என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த மருத்துவர் அவர். செலவான 24 லட்சம் டாலரில் பெரும்பகுதியைக் கொடுத்தது, மதத்துக்கும் அறிவியலுக்கும் பாலம் போட விரும்பும் டெம்பிள்டன் அறக்கட்டளை. ஆக, கடவுளை மறுக்கக் கிளம்பியவர்கள் நடத்திய ஆய்வு இது என்று யாரும் சொல்ல முடியாது. ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் இரு குழுவினரிடமும், "உங்களுக்காக வேண்டுவார்கள், வேண்டாமலும் போகலாம்" என்று மட்டும் சொல்லப்பட்டது. உண்மையில் ஒரு குழுவுக்கு வேண்டினார்கள், மற்றதற்கு இல்லை. மூன்றாம் குழுவிடம், "உங்களுக்காக நிச்சயம் வேண்டுவார்கள்" என்று சொல்லி, அப்படியே செய்தார்கள். இரண்டு கத்தோலிக்கக் குழுக்களும் ஒரு புராட்டஸ்டண்ட் குழுவும் வேண்டுதலை ஏற்றுக்கொண்டன. நோயாளியின் பெயரும், குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டும் அவர்கள் கைக்கு வரும். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின இரவு தொடங்கி பதினான்கு நாட்கள், சிகிச்சை நல்லபடி முடிந்து சிக்கல் இல்லாமல் சீக்கிரம் தேற வேண்டும் என்று எல்லாரும் ஒரே வாசகத்தைச் சேர்த்து வேண்ட வேண்டும். முப்பது நாட்களுக்குள் ஏதாவது சிக்கல் வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். தெரியாமல் வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதம். வேண்டப்படாதவர்களில் 51 சதவீதம். தமக்காக வேண்டுகிறார்கள் என்று தெரிந்தே இருந்தவர்களில் 59 சதவீதம். இந்தக் கூடுதல் ஏன் என்பதற்கு உறுதியான விடை இல்லை. தற்செயலாக இருக்கலாம், 'எனக்காக ஆள் வைத்து வேண்டும் அளவுக்கு நிலைமை மோசமா' என்ற கலக்கமாகவும் இருக்கலாம். இறப்பு மூன்று குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இதற்கு பக்தர்கள் சொல்லும் மறுப்புகளை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. முகம் தெரியாத ஒருவருக்காக, எழுதிக் கொடுத்த வாசகத்தைச் சொல்வது வேண்டுதலாகுமா? மகனுக்காகத் தாய் அழுது வேண்டுவதும் இதுவும் ஒன்றா? நியாயமான கேள்வி. வேண்டப்படாத குழுவில் இருந்தவர்களுக்காக அவரவர் குடும்பத்தார் வேண்டாமலா இருந்திருப்பார்கள்? அதுவும் நியாயம், ஆய்வாளர்களே ஒப்புக்கொண்ட குறை அது. ஆகவே இந்த ஆய்வு சொல்வது, அந்நியர்களின் கூடுதல் வேண்டுதலால் அளவிடக்கூடிய பலன் தெரியவில்லை என்பதைத்தான். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்றாவது மறுப்புதான் முக்கியமானது: கடவுள் சோதனைக்கு உட்படுபவர் அல்லர். இதையும் ஏற்கத் தயார். ஆனால் ஏற்றுக்கொண்டால் முழுக்க ஏற்க வேண்டும். 1988 முடிவைக் கொண்டாடிவிட்டு, 2006 முடிவு வந்ததும் கடவுளைச் சோதிக்கக் கூடாது என்பது நேர்மையாகாது. தோல்வியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதவருக்கு வெற்றியைக் கணக்கில் எழுதிக்கொள்ளும் உரிமையும் கிடையாது.

சரி, முடிவு நேர்மாறாக வந்திருந்தால்? வேண்டப்பட்டவர்களில் சிக்கல் 52-லிருந்து 20 சதவீதமாகக் குறைந்திருந்தால் கடவுள் நிரூபிக்கப்பட்டிருப்பாரா? மாட்டார். முதலில் தகவல் எங்காவது கசிந்ததா என்று தேடுவார்கள்; பிறகு வேறு ஊரில் திரும்பச் செய்வார்கள். அதிலும் வந்தால், இதுவரை தெரியாத ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்வார்கள். அந்த ஏதோ ஒன்று வேண்டுகிறவர்களின் மன ஆற்றலா, இயேசுவா, வைத்தீஸ்வரனா, பெயரே இல்லாத ஒரு சக்தியா என்பதை மருத்துவமனையின் சதவீதக் கணக்கு எப்படிச் சொல்லும்? எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த, உலகைப் படைத்த ஒருவர் என்ற முடிவுக்கும் அந்தக் கணக்குக்கும் இடையே தாண்ட முடியாத இடைவெளி இருக்கிறது.

கண்ணால் காணாத ஒன்றை அறிவியல் எப்படி நிரூபிக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். யுரேனஸ் கணக்குப்படி ஓடவில்லை. வெளியே இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது, அது வானத்தில் இன்ன இடத்தில் இருக்கும் என்று பிரான்சின் வானியலாளர் லெ வெரியே காகிதத்தில் கணக்கிட்டுச் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் யோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. அதே லெ வெரியே பிறகு புதனின் ஓட்டத்திலும் ஒரு பிசகைக் கண்டு, சூரியனுக்கு அருகே 'வல்கன்' என்று ஒரு கோள் இருக்க வேண்டும் என்றார். அதே அறிஞர், அதே முறை. பல பத்தாண்டுகள் தேடினார்கள், இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், கோள் எதுவும் இல்லாமலே அந்தப் பிசகை விளக்கிவிட்டது. நெப்டியூன் நிரூபிக்கப்பட்டதற்கும் வல்கன் கைவிடப்பட்டதற்கும் காரணம் ஒன்றே: இங்கே இல்லாவிட்டால் என் கூற்று தவறு என்று இரண்டுமே தம்மைப் பணயம் வைத்தன. நோய் தீர்ந்தால் அவர் அருள், தீராவிட்டால் அவர் சித்தம் என்னும் நம்பிக்கை எதையும் பணயம் வைக்கவில்லை. வாழ்க்கையைத் தாங்க அது பெரிய துணையாக இருக்கலாம். ஆனால் எது நடந்தாலும் பொருந்துகிற கூற்றுக்கு, நடந்த எதுவும் சான்றாக முடியாது.

இதை மிகத் தெளிவாக உணர்ந்திருந்தவர் ஒரு பாதிரியார். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்ர், பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் கணக்கிட்டுக் காட்டியவர். 1931-ல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்றவர். பின்னாளில் பெருவெடிப்புக் கொள்கையாக வளர்ந்தது அதுதான். 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், நவீன அறிவியல் படைப்பின் தொடக்கத்துக்கே சாட்சி சொல்கிறது என்ற பொருளில் உரையாற்றினார். லெமைத்ர் மகிழ்ந்திருக்கலாம். மாறாக, கவலைப்பட்டார். தம் கொள்கை எந்தச் சமயக் கேள்விக்கும் வெளியே நிற்பது, நம்புகிறவரும் மறுக்கிறவரும் அதை ஏற்கலாம் என்பதே அவர் நிலை. அடுத்த ஆண்டு ரோமில் வானியலாளர்கள் கூடியபோது திருத்தந்தை அந்த இணைப்பை மறுபடி சொல்லவில்லை. நாளை கொள்கை மாறினால் கடவுளும் மாற வேண்டுமா என்ற கேள்வி அந்தக் கவலைக்குள் இருக்கிறது. தன் நம்பிக்கையை மதித்ததால்தான் அவர் அதை ஒரு சமன்பாட்டிடம் அடகு வைக்க மறுத்தார் என்றே நான் நினைக்கிறேன்.

இன்று அதிகம் பேசப்படும் வாதம், இயற்கையின் மாறிலிகள், அதாவது அதன் மாறாத அடிப்படை அளவுகள், உயிருக்கேற்ப நுட்பமாக அமைந்திருக்கின்றன என்பது. உண்மையில் வலுவான வாதம் இது. விண்மீன்களுக்குள் கார்பன் உண்டாக வேண்டுமானால் அதன் அணுக்கருவில் குறிப்பிட்ட ஓர் ஆற்றல் நிலை இருந்தே தீர வேண்டும் என்று 1953-ல் வானியலாளர் பிரெட் ஹாயில் சொன்னார். சோதித்துப் பார்த்தபோது சுமார் 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் அது இருந்தது. அது அங்கே இல்லாவிட்டால் நம் உடலுக்கான கார்பன் இவ்வளவு உண்டாகியிருக்காது. யாரோ அமைத்திருக்கிறார்கள் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் தோன்றுவது அனுமானமாக வேண்டுமானால் என்ன தேவை என்பதை நம் தருக்க மரபு எப்போதோ வரையறுத்துவிட்டது. மலையில் புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்கிறோம். ஏனென்றால் அடுக்களையில் இரண்டையும் சேர்த்துக் கண்டிருக்கிறோம். மணிமேகலையின் தருக்கப் பகுதி இதே உதாரணத்தைத்தான் எடுத்தாள்கிறது. ஒரு பிரபஞ்சத்தை ஒருவர் படைப்பதை எந்த அடுக்களையிலும் நாம் கண்டதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது பிரபஞ்சமும் நம்மிடம் இல்லை. மாறிலிகள் வேறு மதிப்பில் அமைய எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதே தெரியாதபோது, இது அரிது என்று கணக்கிட முடியாது. எண்ணற்ற பிரபஞ்சங்கள் உண்டு, அவற்றில் ஒன்று நமக்கு வாய்த்தது என்று பதில் சொல்லும் இயற்பியலாளர்களுக்கும் இதே தடை உண்டு. அவற்றையும் யாரும் கண்டதில்லை.

மறுக்கிறவர்களுக்கும் ஒரு சொல். பரிணாமம் உயிரினங்களின் வகைகளை விளக்குகிறது. இதனால் ஆறே நாளில் படைப்பு முடிந்தது என்ற கூற்று விழுகிறது. பென்சனின் ஆய்வு ஒரு குறிப்பிட்ட எதிர்பார்ப்பைப் பொய்யாக்குகிறது. இவை எல்லாம் கடவுள் பெயரால் சொல்லப்பட்ட தனித்தனிக் கூற்றுகள். இயற்கை விதிகளே எதற்காக இருக்கின்றன என்ற கேள்வியை இவற்றில் எதுவும் தொடவில்லை. அங்கே 'இல்லை' என்று சொல்வதும் அறிவியலின் பெயரால் சொல்லத்தக்கதல்ல. அது தனிமனிதரின் தத்துவ நிலைப்பாடு. நாம் அதை எடுக்கலாம், எடுத்தவர்களை மதிக்கலாம். ஆய்வு முடிவு என்று சீல் குத்தக் கூடாது.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் நிற்கும் நடராஜர் சிலை, விஞ்ஞானிகள் சிவனை ஒப்புக்கொண்டதற்குச் சான்று என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 2004-ல் இந்திய அரசு அன்பளிப்பாகத் தந்த சிலை. 2012-ல் அதே ஆய்வகம் கண்டறிந்த ஹிக்ஸ் துகளுக்கு நம் செய்தித்தாள்கள் 'கடவுள் துகள்' என்று தலைப்பிட்டன. அதற்கும் கடவுளுக்கும் தொடர்பில்லை. இப்படி ஒரு செய்தி கைக்கு வந்தால் மற்றவருக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எது நடந்திருந்தால் இந்தக் கூற்று பொய் என்று இவர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்கள்? விடை இல்லையென்றால் அங்கே அறிவியல் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் மனம் நிறைய வேண்டிக்கொள்ளுங்கள். அதைத் தடுக்கும் எந்த ஆய்வும் உலகில் இல்லை. மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் கொடுத்துவிடுங்கள்.