கட்டிலை ஆட்டும் இதயம்

ராக்கெட் எப்படி மேலே போகிறது என்று சிவகாசி வட்டாரத்துத் திருத்தங்கல் பிள்ளைகளைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். திரியில் தீ ஏறுகிறது, குழலுக்குள் கருமருந்து எரிகிறது, வாயு கீழே சீறுகிறது, ராக்கெட் மேலே பாய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. நம் நெஞ்சுக்குள்ளும் அதே விதி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை வேலை செய்கிறது. இதயம் ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லி ரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. ரத்தம் முதலில் தலைப்பக்கமாகப் பாயும்போது உடம்பு மயிரிழை அளவு கால்பக்கம் நகர்கிறது. பெருந்தமனி வளைந்து கீழே திரும்பி ரத்தம் இறங்கும்போது உடம்பு தலைப்பக்கம் நகர்கிறது. படுத்திருப்பவரிடமிருந்து இந்த அசைவு மெத்தைக்கும் கட்டிலுக்கும் போய்ச் சேருகிறது. முதியோர் இல்லங்களுக்கென்று வரும் மின்னணுக் கருவிகளில் எனக்குப் பெரிய வியப்பைத் தருவது, மெத்தைக்கு அடியில் கிடந்து இந்த அசைவை வாங்கிக்கொள்ளும் ஒரு மெல்லிய விரிப்புதான்.

சங்கதி பழையது. சுருள்வில் எடைமேடையில் ஒருவர் எவ்வளவு அசையாமல் நின்றாலும் முள் லேசாக ஆடுகிறது, அந்த ஆட்டம் நாடியோடு ஒத்துப்போகிறது என்று ஜே. டபிள்யூ. கார்டன் என்பவர் 1877-இலேயே எழுதிவைத்தார். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர் ஐசக் ஸ்டார் 1930-களில் ஒரு மேசையைக் கம்பிகளில் தொங்கவிட்டு, அதில் ஆட்களைப் படுக்கவைத்து, இதயம் தரும் உதைப்பைக் கோடுகளாகப் பதிவுசெய்தார். ஸ்டார் அதோடு விடவில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு வந்து படுத்தவர்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். முதல் நாள் பதிவில் யாருடைய உதைப்பு வலுக்குறைந்து இருந்ததோ, பிற்காலத்தில் இதயநோய் அவர்களையே அதிகம் பிடித்தது. அந்த முடிவை 1961-இல் வெளியிட்டார். ஆனால் ஈசிஜி கைக்கு எளிதாக இருந்தது, பின்னாலேயே எக்கோ ஸ்கேனும் வந்தது. தொங்கும் மேசையை எல்லோரும் மறந்துபோனார்கள்.

அதற்கு மறுபிறப்பு தந்தது ஒரு பிளாஸ்டிக். பிவிடிஎஃப் என்ற அந்தப் பொருளைத் தாளாக இழுத்து மின்புலத்தில் பதப்படுத்தினால், பிறகு அதை அழுத்தும்போதெல்லாம் சிறு மின்னழுத்தம் பிறக்கும் என்று ஜப்பானியரான ஹெய்ஜி கவாய் 1969-இல் கண்டறிந்தார். இப்படிப்பட்ட உணரியை மெத்தைக்கு அடியில் விரித்துவிட்டால் தொங்கும் மேசை தேவையில்லை. படுத்திருப்பவர் உடம்பில் ஒரு ஒயரும் ஒட்ட வேண்டாம். மூச்சு நெஞ்சை ஏற்றி இறக்குவது பெரிய, மெதுவான அலை, நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை. அந்த அலையின் முதுகில் இதயத்தின் சின்னச்சின்ன உதைப்புகள் நிமிடத்துக்கு அறுபது, எழுபது, எண்பது என்று ஏறி உட்கார்ந்திருக்கும். புரண்டு படுத்தால் கோடு தாறுமாறாகக் குதிக்கும், எழுந்து போனால் அடங்கிவிடும். கணினி நிரல் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணுகிறது. பெங்களூரைச் சேர்ந்த டோசி நிறுவனம் இந்த முறையில் செய்த கருவியை இந்திய மருத்துவமனைகளின் கட்டில்களில் பொருத்தி வருகிறது.

மருத்துவமனையைவிட முதியோர் இல்லத்துக்குத்தான் இது கூடுதலாகத் தேவை என்பது என் எண்ணம். 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்றும், 2031-இல் அது 18.2 ஆகும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸிலும் பயர் ஆபீஸ் என்னும் பட்டாசு ஆலையிலும் அச்சாபீஸிலும் உழைத்து ஓய்ந்தவர்களின் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். இல்லங்களில் பகலில் நாலு பேர் இருப்பார்கள். இரவில் ஒருவர் இருந்தாலே பெரிது.

முதுமையில் நோய் வரும் விதமும் வேறு. நிமோனியா என்றால் காய்ச்சல் கொதிக்கும், இருமல் வாட்டும் என்று நினைக்கிறோம். எண்பது வயது உடம்பில் பல சமயம் காய்ச்சலே இருக்காது. ஓர் ஆச்சியை நினைத்துக்கொள்வோம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பணிப்பெண் கேட்டால், “ஒண்ணுமில்ல தாயி, ஒடம்பு சடவா இருக்கு” என்பார். உண்மையிலேயே அவருக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால் தூக்கத்தில் அவர் மூச்சு வழக்கமாக நிமிடத்துக்கு 15. திங்கள் இரவு 18, செவ்வாய் 20, புதன் 23. நுரையீரலில் சளி கட்டத் தொடங்கியிருப்பதை அந்த எண் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது.

மூச்சு எண்ணிக்கையைப் போல அலட்சியப்படுத்தப்படும் அளவு மருத்துவத்தில் வேறில்லை. முழு நிமிடம் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும், யாருக்கும் நேரமில்லை. பல நாட்டு மருத்துவமனைக் குறிப்பேடுகளைப் புரட்டினால் 18, 20 என்ற இரண்டு எண்களே வரிசையாக நிற்கும், எண்ணாமல் எழுதியவை. லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வகுத்து 2017-இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையிலோ மூச்சு 21-ஐத் தொட்டாலே இரண்டு மதிப்பெண், 25 என்றால் மூன்று. இரவு முழுக்கச் சலிக்காமல் எண்ணுவது இயந்திரத்துக்குப் பொருத்தமான வேலை. அதோடு, பாடப்புத்தகத்தின் சராசரியோடு ஒப்பிடுவதைவிட, ஆச்சியின் இந்த வாரத்தை அவருடைய போன வாரத்தோடு ஒப்பிட முடிகிறது. முதியவர்களுக்கு அந்த ஒப்பீடுதான் உதவும்.

ரத்த அழுத்தத்துக்கும் ஆக்சிஜனுக்கும் நான் இந்த விரிப்பை நம்பமாட்டேன். அழுத்தத்துக்குக் கைப்பட்டை வேண்டும், ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வேண்டும். அந்த ஆக்சிமீட்டரிலும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அது சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் தோலைக் கடந்து வருவதை வைத்துக் கணக்கிடுகிறது. மிச்சிகன் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டது: ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி நன்றாகவே காட்டிய நிகழ்வுகள், வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. கருத்த தோலும், குளிர்ந்த விரலும் உள்ள நம் பாட்டிகளுக்கு 94 என்று காட்டினால் அதோடு நிம்மதியாகிவிடக் கூடாது. மூச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கட்டிலை விட்டு எழுந்ததும் மணியடிக்கும் வசதியைத்தான் விரிப்பை விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், விழுவதைத் தடுக்கலாம் என்று. அமெரிக்காவின் மெம்பிஸ் நகர மருத்துவமனை ஒன்றில் 27,672 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. மணிகள் நிறைய அடித்தன, விழுந்தவர்கள் குறையவில்லை. காரணம் விளங்காததல்ல. கால் தரையில் பட்ட பிறகுதான் மணி அடிக்கிறது. ஆள் எழுந்து வருவதற்குள் விழ வேண்டியவர் விழுந்துவிடுவார். அடிக்கடி வீணாக அடிக்கும் மணிக்குப் பணியாளர் காதும் பழகிவிடும்.

ஆகவே விரிப்பின் இரவுப் பதிவைக் காலையில் நிதானமாகப் படிப்பதில்தான் பலன் என்று நினைக்கிறேன். படுக்கையறையில் கேமரா வைப்பதை எந்தப் பெரியவரும் விரும்பமாட்டார், வைக்கவும் கூடாது. இந்த விரிப்பு முகத்தைப் பார்ப்பதில்லை, பேச்சைக் கேட்பதில்லை. இருந்தாலும் என்னத்துக்கு இது என்று அவரிடம் சொல்லி, வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். சம்மதித்தவரின் பதிவு எவ்வளவோ சொல்லும். ஒரு தாத்தா வழக்கமாக இரவில் ஒரு தடவை எழுவார், இந்த வாரம் நாலு தடவை எழுந்திருக்கிறார் என்றால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சர்க்கரை ஏறியிருக்கலாம். அல்லது நீர் பிரிய வைக்கும் மாத்திரையை யாரோ சாயங்காலம் கொடுக்கத் தொடங்கியிருக்கலாம். இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவை வழியாகக் காணொளியில் வரும் அரசு மருத்துவரின் “எப்படி இருக்கீங்க ஐயா?” என்ற கேள்விக்குத் தாத்தா “நல்லாருக்கேன்” என்றுதான் சொல்லப்போகிறார். பக்கத்தில் இருக்கும் பணிப்பெண் ஏழு இரவுகளின் எண்களையும் வாசித்தால், அந்த மாத்திரையைக் காலைக்கு மாற்றச் சொல்ல மருத்துவருக்கு இரண்டு நிமிடம் போதும்.