தலைகீழாகக் கவிழ்ந்தும் 80 பேர் பிழைத்தது எப்படி?

2025 பிப்ரவரி 17. கனடாவின் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் தரையிறங்கிய சிறிய ரக ஜெட் விமானம் ஒன்று, ஓடுபாதையைத் தொட்ட வேகத்தில் வலது இறக்கை பிய்ந்து, தீப்பற்றி, தலைகீழாகக் கவிழ்ந்து சறுக்கிச் சென்றது. அந்தக் காணொளியை முதலில் பார்த்தபோது, யாரும் தப்பியிருக்க முடியாது என்றே நினைத்தேன். ஆனால், அமெரிக்காவின் மினியாபொலிசிலிருந்து அதில் வந்த 76 பயணிகளும் 4 பணியாளர்களும் உயிர் பிழைத்தனர். 21 பேருக்குக் காயம்.

அன்று மேற்கிலிருந்து மணிக்குச் சுமார் 52 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. இடையிடையே 65 கிலோமீட்டரை எட்டியது. விமானம் தென்மேற்கு நோக்கி இறங்கியதால், காற்று அதன் வலது முன்பக்கத்தில் மோதியது.

பக்கவாட்டுக் காற்றில் விமானிகள் மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பி, நண்டு நடப்பதுபோல் விமானத்தைக் கொண்டுவருவார்கள். தரையைத் தொடும் தறுவாயில் அதை நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள். எல்லாம் சில வினாடிகளில் முடிய வேண்டும். சரிவராது என்று தோன்றினால் மீண்டும் மேலே ஏறி, இன்னொரு முறை முயல்வார்கள்.

டொராண்டோவில், தரையைத் தொடும்போது விமானம் நிமிடத்துக்கு 1,000 அடிக்கும் மேலான வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் சாய்ந்தும் இருந்தது என்கிறது 2025 மார்ச்சில் வெளிவந்த முதற்கட்ட விசாரணை அறிக்கை. விபத்துக்குக் காற்றுதான் காரணம் என்று அது முடிவு கட்டவில்லை.

பயணிகளைக் காப்பாற்றியவற்றில் முதலாவது, இருக்கை வார். விமானம் கவிழ்ந்தபோது அவர்கள் வௌவால்களைப்போல் வாரில் தொங்கினார்கள். இரண்டாவது, இருக்கை. இன்றைய விமான இருக்கைகள், புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு விசையைத் தாங்கும்படி சோதிக்கப்படுகின்றன. மூன்றாவது, விமானப் பணியாளர்கள். பைகளை விட்டுவிட்டு வெளியேறும்படி சத்தமிட்டு, எல்லாரையும் விரைவாக இறக்கினார்கள்.

பாதி அவசரக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, 90 வினாடிக்குள் அனைவரும் வெளியேற முடிய வேண்டும் என்பது விமானங்களுக்கான விதி. ஒருவர் தலைக்கு மேலிருக்கும் பையை எடுக்க நின்றால், பின்னால் வருபவர்களின் வினாடிகள்தான் குறையும்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் பறக்கும்போதும் நான் காண்பது இதுதான்: சக்கரம் தரையைத் தொட்டதும் வாரைக் கழற்றும் சத்தம் வரிசையாகக் கேட்கும். டொராண்டோவில் விமானம் நொறுங்கத் தொடங்கியதே சக்கரம் தரையைத் தொட்ட அந்த நொடியில்தான். விமானம் நின்று, விளக்கு அணையும்வரை வார் இடுப்பிலேயே இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குவோம்.