மழைக்காலத்தில் சிறிய நாய் உணவை மறுத்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் கால்வாய் பெருமழையில் நிரம்பினால் தம்பானூர் தெருக்களில் நீர் தேங்குவது வழக்கம். அந்நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், அதில் நடக்கும் நாய்களுக்கும் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். உணவை மறுப்பது அதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. கண் மஞ்சளாவது பெரும்பாலும் பின்னரே தெரியவரும். இந்நோய் மனிதருக்கும் பரவும் என்பதால், நோயுற்ற நாயின் சிறுநீரைக் கையுறையின்றித் துடைக்கக் கூடாது. இதற்கான தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்பட வேண்டும்.

உண்ணிகள் பரப்பும் பேபீசியா, எர்லிக்கியா தொற்றுகளிலும் பசி மந்தம் தொடக்கத்திலேயே தோன்றும். ஈறு வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

வளர்ந்த நாய் ஒரு வேளை உண்ணாதது பெரிதன்று. ஒரு நாள் முழுவதும் உண்ணாவிட்டால் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். பொமரேனியன், சிவாவா போன்ற சிற்றினக் குட்டிகளுக்கோ அந்த அவகாசமும் இல்லை. சில மணி நேரப் பட்டினியிலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து, தள்ளாட்டமும் வலிப்பும் ஏற்படலாம். தள்ளாடத் தொடங்கினால் ஈறில் சிறிது தேன் தடவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வீட்டிலுள்ள பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுப்பது ஆபத்தானது.

உணவை முகர்ந்துவிட்டு விலகும் நாய்க்குப் பல்வலி இருக்கலாம். சிற்றினங்களில் ஈறு நோய் மிகுதி. மாறாக, பசியும் தாகமும் ஒருசேரப் பெருகினால் நீரிழிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.