வெளியூர்ச் சால்னாவும் வீட்டுக் குழந்தையும்

"ஸ்... ஸ்... ஆ! அம்மா, எரியுதும்மா!"

புதுக்கோட்டையில் ஒரு பரோட்டாக் கடையில் என் நாலு வயதுச் சின்னவன் போட்ட கூச்சலில், கொத்துபரோட்டா தட்டிக்கொண்டிருந்த மாஸ்டரே கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கன்னம் இரண்டும் சிவந்து, மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய, அவன் குதித்த குதியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

என் நாத்தனாரின் கொழுந்தனுக்குக் கல்யாணம். கும்பகோணத்திலிருந்து ஒரு நாள் முன்னதாகவே கிளம்பினோம். "ஊரையும் பார்த்த மாதிரி ஆச்சு" என்றார் என்னவர். காலையில் சித்தன்னவாசல் குகையில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தாமரைக் குள ஓவியம். பிற்பகலில் திருமயம் கோட்டை. 1687-ல் சேதுபதி மன்னர் கட்டியது என்று என்னவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். ஏறி இறங்கி, பஸ் பிடித்துப் புதுக்கோட்டை வந்து சேர்ந்தபோது எல்லோருக்கும் அகோரப் பசி.

"புதுக்கோட்டைக்கு வந்துட்டு முட்டை மாஸ் சாப்பிடாமப் போனா எப்படி?" என்று என்னவர் ஆரம்பித்தார். அவித்த முட்டையை நறுக்கி, வெங்காயமும் மசாலாவும் போட்டுப் புரட்டித் தருகிறார்களே, அதுதான். கூடவே பரோட்டா, கொதிக்கக் கொதிக்கச் சால்னா. நான் பெரியவளுக்குப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சின்னவன் முழுப் பரோட்டாத் துண்டைச் சால்னாவில் முக்கி வாயில் போட்டுக்கொண்டுவிட்டான்!

பதறிப் போய், மேஜை மேலிருந்த சொம்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கக் குடிக்க எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. மூன்று தம்ளர் உள்ளே போயிருக்கும். பக்கத்து மேஜையிலிருந்த ஓர் ஆச்சி எழுந்து வந்து, "ஏம்மா, தண்ணியக் குடுக்காத தாயி. தயிரு வாங்கி, சீனியப் போட்டுக் குடு" என்றார்கள். இரண்டு கரண்டித் தயிர் உள்ளே போனதும் பிள்ளையின் அழுகை விசும்பலாகி, விசும்பல் சிரிப்பாகிவிட்டது.

அந்த ஆச்சி சொன்னதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது தெரியுமா? மிளகாய்க்குக் காரத்தைத் தருவது காப்சைசின் என்ற பொருள். நாக்கில் சூட்டை உணர்வதற்கென்றே இருக்கிற நரம்பு முனைகளை அது தூண்டிவிடுகிறது. சுடாமலே 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி போகிறது! இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. காப்சைசின் கொழுப்பில் கரையும். தண்ணீரில் சரியாகக் கரையாது. எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவின கதைதான். அதனால்தான் தண்ணீர் காரத்தை வாய் முழுக்கப் பரப்பிவிட்டது. பாலும் தயிரும் அடக்குகின்றன.

காரம் அதிகம் இருப்பது விதையில் என்றுதானே நினைக்கிறோம்? விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில்தான் அதிகம். குழந்தைக்குச் சமைக்கும்போது அதைக் கீறி எடுத்துவிட்டால் வாசனை நிற்கும், காரம் குறையும்.

சரி, கதைக்கு வருகிறேன். விடுதிக்குப் போய்ப் படுத்தோம். விடியற்காலை மூன்று மணிக்குச் சின்னவன் எழுந்து வாந்தி எடுத்தான். அப்புறம் வயிற்றுப்போக்கு. ஆறு மணிக்குள் ஐந்து தடவை. ஒன்பது மணிக்கு முகூர்த்தம். பட்டுப் புடவை பெட்டியிலேயே இருக்க, நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போனில் மாமியார், "கண்ட கடையில காரத்தக் குடுத்தா வேற என்ன ஆகும்? பச்சைப் பிள்ளை வயிறு தாங்குமா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. என்னவரோ குற்றம் செய்தவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஓடினோம். வயதானவர். நிதானமாக நாக்கைப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டே காரக் கதையைச் சொன்னேன்.

"காரம் வயித்தை எரிக்கும், ஒரு தடவை இளகலாப் போகவும் வைக்கும். ஆனா இப்படி வாந்தி பேதி கிருமியாலதாம்மா பெரும்பாலும் வரும். அதே சால்னாவை நாலு பேரும்தானே சாப்பிட்டீங்க? இவன் மட்டும் வேற என்ன சாப்பிட்டான்?"

யோசித்தேன். தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மூன்று பேருக்கும் பையில் வீட்டுத் தண்ணீர் இருந்தது. கடைச் சொம்புத் தண்ணீரைக் குடித்தவன் அவன் ஒருவன்தான். கொடுத்தவள் நான்!

"அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்" என்றார் டாக்டர். பிறகு சிரித்துக்கொண்டே, "கொதிக்கிற சால்னாவுல கிருமி பிழைக்கிறது கஷ்டம். தண்ணியிலயும் ஆறின சட்னியிலயும் சுகமா இருக்கும்" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்தது உப்பு சர்க்கரைப் பொட்டலமும் துத்தநாக மருந்தும்தான். அவர் சொன்னதை உங்களுக்காகக் கீழே தருகிறேன். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

* ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ, அவ்வளவிலேயே முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர் நல்லது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

* பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து.

* ஒவ்வொரு தடவை போன பிறகும், இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி. அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கலாம்.

* தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பட்டினியும் போடக் கூடாது. குழைந்த சாதம், இட்லி, தயிர் கொடுக்கலாம்.

* பெரியவர்களுக்கான 'பேதி நிறுத்தும்' மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலையே வேண்டாம்.

* மலத்தில் ரத்தம், கண் குழி விழுதல், அழுதால் கண்ணீர் வராமை, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமை, துவண்டு கிடத்தல் - இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கைக்குழந்தையானால் எதற்கும் காத்திருக்கவே வேண்டாம்.

முகூர்த்த நேரத்தில் மேளச் சத்தம் தூரத்தில் கேட்க, நான் விடுதி அறையில் ஸ்பூனும் கையுமாக இருந்தேன். பதினோரு மணிக்குச் சின்னவன் சிறுநீர் கழித்தான். அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம், தாலி கட்டுவதைப் பார்த்திருந்தாலும் பட்டிருக்க மாட்டேன்!

சாயங்காலம் நாத்தனார் கையில் தூக்குப் பாத்திரத்துடன் வந்தாள். குழைந்த சாதமும் தயிரும். "அண்ணி, எங்க ஊருக் காரத்துமேல கோவமா?" என்றாள்.

"கோவம் காரத்துமேல இல்லடி, என் மேலதான்."

"எங்க மாமியார் வீட்டுச் சமையலை நீங்க சாப்பிட்டுப் பார்க்கணும் அண்ணி. செட்டிநாட்டு ஊருங்க எங்க ஜில்லாவுலயும் இருக்கே! மிளகாயை அள்ளிக் கொட்டுறது இல்ல. மிளகு, சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூன்னு வாசனைதான் தூக்கும்" என்றவள், "இவ்வளவு ஏன், அறந்தாங்கிப் பக்கம் ஆவுடையார்கோயில்ல எங்க சாமிக்கு என்ன நைவேத்தியம் தெரியுமா? புழுங்கலரிசிச் சாதம், கீரை, பாகற்காய்! அங்கே லிங்கமே கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். சாதத்தைச் சுடச்சுடக் கொட்டினா, அந்த ஆவிதான் சாமிக்கு" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. ஆவி! வெளியூருக்குப் போகிற தாய்மார்கள் தேட வேண்டியதும் அதைத்தானே? ஆவி பறக்கிற இட்லி, கண் முன்னால் கல்லில் எடுத்த தோசை, கொதிக்கிற குழம்பு - இவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆறிப் போன சட்னி, நறுக்கி வைத்த வெங்காயம், மேஜைத் தண்ணீர் - இவற்றை ஒதுக்க வேண்டும். காரம் தாங்காத வாண்டுகளுக்குப் பரோட்டாவைச் சர்க்கரை தொட்டோ பாலில் ஊற வைத்தோ கொடுத்துவிட்டால் போகிறது.

இப்போதெல்லாம் எங்கே கிளம்பினாலும் என் பையில் வீட்டுத் தண்ணீர், ஒரு தம்ளர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சின்ன டப்பாவில் சர்க்கரை, ஒரு சோப்பு எல்லாம் இருக்கும். சின்னவன் என்ன சொல்கிறான் தெரியுமா? "அம்மா, மறுபடி புதுக்கோட்டை போலாம்மா. சால்னாவும் வேணும், தயிரும் வேணும்!"

கட்டாயம் போகத்தான் போகிறோம். ஆனால் இந்தத் தடவை சொம்பு பக்கம் என் கை போகாது!