கீழாநெல்லியும் அதன் போலிகளும்

மாரிக்காலம் தொடங்கியதும் பெரியநாயக்கன்பாளையத்துத் தோட்டங்களின் வரப்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் ஒரு சாண் உயரமுள்ள செடியொன்று தானே முளைத்து எழும். அதன் காய்கள் இலைகளுக்குக் கீழே வரிசையாகத் தொங்குவதால் கீழ்க்காய் நெல்லி என்றும், கீழாநெல்லி என்றும் பெயர் பெற்றது. காமாலைக்கு மருந்தென்று இதனை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம்.

ஆனால், நாம் பறிக்கும் செடி கீழாநெல்லிதானா? அதே வரப்பில் அதன் சுற்றத்தைச் சேர்ந்த வேறு செடிகளும் வளர்கின்றன. அவையனைத்தும் ஃபில்லாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. உடன்பிறந்தாரைப் போல முகச்சாயல் ஒத்திருப்பினும், அவை வெவ்வேறு இனங்களே.

இவற்றைப் பிரித்தறிய மூன்று குறிகள் உதவும். முதலாவது இலையமைப்பு. கீழாநெல்லியில் பக்கக் கிளைகளில் மட்டும் இலைகள் புளியிலை போல இருபுறமும் வரிசையாக அமையும். மேலாநெல்லியிலோ தண்டைச் சுற்றிலும் இலைகள் இருக்கும். அவை நுனி அகன்றும் அடி குறுகியும் காணப்படும். இரண்டாவது காய். கீழாநெல்லிக் காய் வழுவழுப்பானது; சிறு காம்புடையது. தண்டில் செம்மை படர்ந்த மற்றோர் இனத்தில் காய் காம்பின்றி ஒட்டியிருக்கும். அதன் மேற்பரப்பு சொரசொரப்பானது. மூன்றாவது பூ. உருப்பெருக்கும் கண்ணாடியால் நோக்கினால் கீழாநெல்லிப் பூவில் ஐந்து இதழ்களைக் காணலாம். அதனோடு மிக நெருங்கிய இரண்டு இனங்களில் இதழ்கள் ஆறு.

இந்த ஓர் இதழ் வேறுபாடு கற்றோரையும் மயக்கியிருக்கிறது. 1753-இல் லின்னேயஸ் சூட்டிய ஃபில்லாந்தஸ் நிருரி என்ற பெயரே நம் நாட்டுத் தாவர நூல்களில் கீழாநெல்லிக்கு நெடுங்காலம் வழங்கியது. அப்பெயருக்குரிய செடி அமெரிக்காவைச் சேர்ந்தது என்றும், இங்கே அப்பெயரின்கீழ் மூன்று இனங்கள் கலந்து கிடக்கின்றன என்றும் 1985-இல் இந்தியத் தாவரவியலார் விளக்கினர். உண்மைக் கீழாநெல்லியின் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்பதாகும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். 1988-இல் சென்னை ஆய்வாளர் தியாகராஜனும் அவர்தம் குழுவினரும் பி வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமியைத் தாங்கியவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துச் சோதித்தனர். மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அத்தகைய பயன் தெரியவில்லை. மருந்தே பயனற்றதா, செடியின் இனம் வேறா என்னும் வினா எழுந்தது. செடியை ஐயமின்றி அறிந்தாலன்றி இத்தகைய வினாவுக்கு விடை காண இயலாது.

பயனின்மையோடு நில்லாமல் உயிருக்கே கேடு விளைந்ததும் உண்டு. 1990-ஆம் ஆண்டையொட்டி பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிவதற்கென அளித்த மூலிகைப் பொடியில், ஃபாங்ஜி என்னும் சீனப் பெயர் பொதுவாயிருந்தமையால், ஒரு வேருக்குப் பதில் மற்றொரு வேர் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் கெட்டன. அந்த நச்சு வேர் நம் கரிசல் நிலங்களில் வளரும் ஆடுதின்னாப்பாளையின் பேரினத்தைச் சேர்ந்தது. பொடியான பின் இலையுமில்லை, பூவுமில்லை. கண்ணுக்கு அடையாளமே இல்லை.

ஆகவே, செடியைப் பச்சையாகவே, பூவும் காயும் உள்ள பருவத்தில் ஆராய வேண்டும். ஒரு குறியை மட்டும் நம்பலாகாது. ஐயம் எழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு அருகிலேயே இடமுண்டு. 1874-இல் சென்னையில் தோன்றி, 1909-இல் கோவைக்கு வந்த உலர்தாவரத் தொகுதி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல நிலையத்தில், வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் பேணப்படுகிறது.

மாணவர்களே, காமாலை என்பது பல நோய்கள் காட்டும் அடையாளம். அதற்கு முதலில் மருத்துவரையே நாட வேண்டும். உங்கள் பணி வேறு. வரப்பில் ஒரு செடியைக் கண்டால் காயைத் தடவிப் பாருங்கள். இதழ்களை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்கும்வரை அதற்குப் பெயர் சொல்லாதிருங்கள்.