கண்ணினுள் ஓடும் குருதியும் அதனைக் காட்டும் கருவிகளும்

உடலினுள் ஓடும் குருதிக் குழாய்களை, கத்தி வைத்து அறுக்காமலே நேரிற் கண்டறியத்தக்க இடங்களுள் தலையாயது கண்ணின் பின்சுவராகிய விழித்திரையாம். இவ்வுண்மையை இலக்கிய மாணாக்கராகிய யாம் எடுத்துரைப்பது சிலர்க்கு வியப்பாகலாம். கண்ணை மலரோடும் கயலோடும் ஒப்பிட்டே பழகியவர் யாம். ஆயினும் எமக்கு நெருங்கிய முதியவர் ஒருவர்க்கு நேர்ந்த இடர் இப்பொருளை ஆராயுமாறு எம்மைத் தூண்டிற்று.

அவர் ஓய்வு பெற்ற உபதேசியார். ஒரு நாட்காலை பாமாலைப் புத்தகத்தைத் திறந்தபொழுது வலக்கண்ணுக்குப் பக்கம் முழுதும் புகை படிந்தாற் போலத் தோன்றிற்று. வலி சிறிதுமில்லை, மற்றைக் கண் தெளிவாயிருந்தது. “புரை முற்றட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்று வாளாவிருந்துவிட்டார். மூன்று திங்கள் கழிந்தபின் அக்கண் சிவந்து, பொறுத்தற்கரிய வலி எடுத்தது. வைத்தியரிடம் சென்றபொழுதுதான் அது புரையன்று, விழித்திரையின் நடுச்சிரை அடைபட்டதன் விளைவு என்பது வெளியாயிற்று.

விழித்திரைக்குக் குருதியைக் கொணர்வது தமனி. திரும்பக் கொண்டு செல்வது சிரை. தமனி அடைபடின் பார்வை சில நொடிகளில் மறையும். நான்கு மணி நேரம் அடைப்பு நீங்காவிடின் விழித்திரை மீளாவண்ணம் கெடும் என்பதைச் சோகன் சிங் ஹேரே என்னும் அறிஞர் குரங்குகளிடத்துச் செய்த சோதனைகளால் காட்டினார். மூளை வாதத்திற்கு ஒப்பானதாகையால், அந்நோயாளியை ஒரு நொடியும் தாழ்க்காது பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். சிரை அடைபடுதலோ வேறுவகைத்து. உள்ளே வந்த குருதி வெளியேற வழியின்றித் தேங்கும். குழாய்கள் புடைத்து நெளியும். திரையெங்கும் குருதி கசியும். கிளைச்சிரைகளில் இவ்வடைப்புப் பெரும்பாலும் தமனியும் சிரையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திலேயே நேர்கின்றது. அவ்விடத்தில் இரண்டிற்கும் உறை ஒன்றே. குருதி அழுத்த மிகுதியால் தடித்த தமனி, மெல்லிய சிரையை நெருக்கிவிடுகின்றது.

இவற்றையெல்லாம் உயிருள்ள கண்ணிற் காண 1851-ஆம் ஆண்டு வரை வழியில்லை. கண்மணி கருமையாகத் தோன்றுவது ஏன்? உட்புகுந்த ஒளி வந்த வழியே திரும்புகின்றது. அதனைக் காண வேண்டின் நம் தலையை விளக்கின் முன் வைத்தல் வேண்டும். வைத்தாலோ விளக்கு மறைந்துபோம். இச்சிக்கலை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளைக் கொண்டு தீர்த்தார். தகடு விளக்கொளியைக் கண்ணுக்குள் திருப்பும். திரும்பிய ஒளியில் ஒரு பகுதி தகட்டை ஊடுருவிக் காண்போன் கண்ணை அடையும். எளிமையினும் எளிமை! இந்த ஆப்தால்மாஸ்கோப் வந்த எட்டாண்டுகளுக்குள், 1859-இல், வான் கிராஃபே என்பார் விழித்திரைத் தமனியின் அடைப்பை விளக்கியுரைத்தார்.

ஆனால் கசிந்த குருதியைக் காண்பது வேறு. குருதி எட்டாது பட்டினி கிடக்கும் பகுதி எத்துணை என்று அளப்பது வேறு. பின்னதற்கு உதவியது புளோரசீன் என்னும் சாயம். நீல ஒளி படின் மஞ்சள் கலந்த பச்சையொளி வீசுவது அதன் இயல்பு. அதனைக் கைச்சிரையிற் செலுத்தினால் 10 முதல் 15 நொடிக்குள் விழித்திரையை அடைகின்றது. அப்பொழுது அடுத்தடுத்துப் படம் பிடிப்பின், முதலில் தமனிகளும், பின் நுண்குழாய்களும், இறுதியிற் சிரைகளும் ஒளிர்வதைக் காணலாம். சிரை ஒளிரத் தாமதித்தால் ஓட்டம் தடைப்பட்டுள்ளது என்பதும், ஒளிரா இருள் திட்டுகள் குருதி எட்டாத நிலங்கள் என்பதும், எல்லை கடந்து பரவும் ஒளி குழாய்ச் சுவரின் கசிவு என்பதும் புலனாம். இம்முறையை 1961-இல் வெளியிட்ட நோவட்னி, ஆல்விஸ் இருவரும் இதனைத் தொடங்கியபொழுது இந்தியானாப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணாக்கர் என்பது எம்மனோர்க்கு உவகை தரும் செய்தி. சாயம் ஏற்றவர்க்குத் தோலும் சிறுநீரும் ஒரு நாள் மஞ்சள் நிறமாகும். அரிதாகச் சிலர்க்குக் கடும் ஒவ்வாமையும் உண்டாதலின் வைத்தியர் அருகிருத்தல் இன்றியமையாதது.

அவ்விருள் திட்டுகளை அளப்பதிலேதான் நம் உபதேசியாரின் கதை அடங்கியுள்ளது. நடுச்சிரை அடைபட்ட கண்ணில், பார்வை நரம்புத் தலையின் பரப்பைப் போல் 10 மடங்கும் அதற்கு மேலும் திட்டுகள் பரவியிருப்பின் அஃது ஆபத்தான வகை என்பர். பட்டினி கிடக்கும் திரை குருதி வேண்டிக் கூவுகின்றது. அக்கூவலுக்குப் புதிய குழாய்கள் முளைக்கின்றன. அவை முறையற்றவை, கண்ணின் முன்புறத்தே படர்ந்து, நீர் வடியும் வாயிலை அடைத்து, அழுத்தத்தை ஏற்றிவிடுகின்றன. இது பெரும்பாலும் மூன்று திங்களளவில் தோன்றுவதால் வைத்தியர் இதனை ‘நூறு நாள் நோய்’ என்று வழங்குவதுண்டு. முன்னரே படமெடுத்து அடிக்கடி நோக்கி வந்திருந்தால், அக்குழாய்கள் அரும்பும்பொழுதே லேசர் ஒளியால் அடக்கியிருக்கலாம்.

1991-இல் வெளிவந்த ஓ.சி.டி. என்னும் முறை சாயமின்றியே திரையின் குறுக்குவெட்டைக் காட்டுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியை உட்செலுத்தி, ஒவ்வோர் அடுக்கினின்றும் திரும்பும் ஒளியை ஒப்பிட்டு ஆழத்தை அறியும். இக்காலக் கருவிகள் ஒரு மில்லிமீட்டரின் இருநூற்றில் ஒரு பங்கையும் பிரித்துக் காட்டவல்லன. கூர்ந்த பார்வைக்கு இருப்பிடமாகிய மஞ்சட்புள்ளி நீர் கோத்து வீங்கியுள்ளதா, ஊசி மருந்திட்ட பின் வற்றியதா என்பதை இதனாலேயே மாதந்தோறும் தேர்கின்றனர். இதன் வழித்தோன்றலான மற்றொரு முறை, ஒரே இடத்தைப் பன்முறை நோக்கி, படங்களுக்கிடையே மாறுவது எதுவோ அதுவே ஓடும் குருதி எனக் கொண்டு குழாய்களை வரைந்து தருகின்றது. அசையாதது இருளாகவே நிற்கும். சாயம் வேண்டாமை இதன் சிறப்பு. கசிவைக் காட்டாமை இதன் குறை. எனவே புளோரசீன் இன்றும் விலக்கப்படவில்லை.

உபதேசியாரின் வலக்கண்ணில் வலி தணிந்தது, பார்வை மீளவில்லை. சோதித்தபொழுது அவருடைய குருதி அழுத்தம் நெடுநாள் கவனிப்பாரற்று ஏறியிருந்தமை தெரிந்தது. இப்பொழுது அதற்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்கின்றார். குறித்த காலத்திற் சென்று இடக்கண்ணைப் படமெடுத்து வருகின்றார். அந்தப் படங்களை எமக்குக் காட்டி, “இவ்வாறு தமனி குறுக்கே செல்லும் இடம்தான்” என்று விரலால் தொட்டு விளக்கியவரும் அவரே.